ஐடா ஸ்கடர்

ஐடா சோபியா ஸ்கடர் (டிசம்பர் 9, 1870 – மே 1960) தென்னிந்தியாவில் அறுபது ஆண்டுகள் வாழ்ந்து பணியாற்றிய அமெரிக்கப் பெண் மருத்துவர் ஆவார். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியையும் அதன் மருத்துவமனையையும் நிறுவியவர் இவரே. மருத்துவப் பணியில் சிறிதும் நாட்டமில்லாதிருந்த இவரை, திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பேறுகாலத்தில் மருத்துவ உதவி கிட்டாமல் இறந்த நிகழ்வு மருத்துவராக்கியது. இந்தியப் பெண்களுக்குப் பெண்களே மருத்துவம் செய்ய வேண்டும் என்னும் நோக்கில் மருத்துவமனை, செவிலியர் பள்ளி, மருத்துவப் பள்ளி ஆகியவற்றை இவர் அடுத்தடுத்துத் தொடங்கினார்.

பிறப்பும் குடும்பமும்

ஐடா ஸ்கடர் அன்றைய வடஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்த இராணிப்பேட்டையில் பிறந்தார். தந்தை மருத்துவர் ஜான் ஸ்கடர். தாய் சோபியா வெல்டு ஸ்கடர். குடும்பத்தில் பல ஆண்மக்களுக்குப் பின் பிறந்த ஒரே மகள் இவர்.

ஸ்கடர் குடும்பத்தினர் பல தலைமுறைகளாகத் தமிழ் மண்ணில் சமயப் பணியும் மருத்துவப் பணியும் செய்துவந்தவர்கள். ஐடாவின் பாட்டனாரும் ஜான் ஸ்கடர் என்னும் பெயர் கொண்டவரே. அவர் 1819-இல் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு யாழ்ப்பாணத்தில் மருத்துவப் பணி தொடங்கி, 1836-இல் சென்னைக்கு வந்தார். அவருடைய மக்கள் 1853-இல் அமெரிக்க ஆர்க்காடு மிசனை ஏற்படுத்தினர். ஆர்க்காடு, வேலூர், இராணிப்பேட்டை, திண்டிவனம் முதலிய ஊர்களில் இம்மிசன் பள்ளிகளையும் மருந்தகங்களையும் நடத்தியது. திண்டிவனத்திலுள்ள வால்டர் ஸ்கடர் மேல்நிலைப் பள்ளி இக்குடும்பத்தின் பெயரைத் தாங்கியுள்ளது.

இளமைக்காலம்

ஐடாவுக்கு ஆறு அகவை ஆகும்பொழுது, 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சம் தொடங்கியது. தாது ஆண்டுப் பஞ்சம் என மக்கள் இதனைக் குறிப்பிடுவர். பசியால் வாடிய குழந்தைகளுக்கு உணவு கொடுக்கும் வேலையில் சிறுமியான ஐடாவும் பங்கு கொண்டார். சாலையோரங்களில் கண்ட பிணங்கள் அவர் மனத்தில் அச்சத்தை விதைத்தன. இந்தியா என்றாலே பசியும் சாவும் என்ற எண்ணம் அவருக்கு நெடுங்காலம் நீங்கவில்லை.

1878-இல் குடும்பம் அமெரிக்காவுக்குத் திரும்பியது. சில ஆண்டுகளில் பெற்றோர் மீண்டும் இந்தியா வந்துவிட, ஐடா சிகாகோவில் உறவினர் வீட்டில் வளர்ந்தார். பின்னர் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் நார்த்ஃபீல்டு பெண்கள் பள்ளியில் பயின்றார். அமெரிக்காவிலேயே மணம்புரிந்து வாழ்வதே அவருடைய விருப்பமாக இருந்தது. குடும்பத்தின் மிசன் பணியைத் தாமும் தொடர்வதில்லை என்று அவர் உறுதி பூண்டிருந்தார்.

திண்டிவனத்தில் ஓர் இரவு

தாயின் உடல்நலம் குன்றியதால் 1890-இல் ஐடா இந்தியாவுக்கு வரவேண்டியதாயிற்று. அப்பொழுது பெற்றோர் திண்டிவனத்தில் இருந்தனர். தாய் நலமடைந்ததும் திரும்பிவிடுவது என்ற எண்ணத்துடனேயே அவர் வந்தார். வந்த பின் அங்கிருந்த சிறுமியர் பள்ளி வேலையில் தாய்க்கு உதவினார்.

திண்டிவனம் அக்காலத்தில் தென்னார்க்காடு மாவட்டத்தின் ஒரு வட்டத் தலைநகர். சென்னையிலிருந்து தெற்கே ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவில், விழுப்புரம் செல்லும் இருப்புப்பாதையில் அமைந்த ஊர். சென்னையில் அந்நேரம் நிலைமை சற்று மாறத் தொடங்கியிருந்தது. சென்னை மருத்துவக் கல்லூரி 1875-இலேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அங்குப் பயின்ற மேரி ஷார்லிப் என்பவரின் முயற்சியால், ஆண் மருத்துவரிடம் செல்லாத பெண்களுக்கென 1885-இல் கோஷா மருத்துவமனை ஏற்பட்டது. ஆயினும் மாவட்டத்து ஊர்களை இம்மாற்றம் எட்டவில்லை. திண்டிவனத்தில் மேல்நாட்டு மருத்துவம் கற்றவர் ஐடாவின் தந்தை, அவர் ஆண்.

1890-களின் தொடக்கத்தில் ஓர் இரவு ஐடா தம் அறையில் இருக்கையில் ஓர் அந்தணர் வாயிலில் வந்து நின்றார். மிக இளம் வயதினரான தம் மனைவி பேறுவலியில் துன்புறுவதாகவும், மருத்துவச்சியால் ஒன்றும் செய்ய இயலவில்லை என்றும், ஐடா வந்து உதவ வேண்டும் என்றும் வேண்டினார். தமக்கு மருத்துவம் தெரியாது, தம் தந்தையை அழைத்து வருகிறேன் என்று ஐடா கூறினார். வேற்று ஆடவர் தம் மனைவியைத் தொட்டுப் பார்ப்பதைத் தம் வழக்கம் ஏற்காது என்று கூறி அவர் திரும்பிச் சென்றார். சற்று நேரத்தில் ஓர் இசுலாமியர் அதே வேண்டுகோளுடன் வந்தார். அவரும் ஆண் மருத்துவரை ஏற்கவில்லை. பின்னர் மற்றொரு உயர்குடி இந்துவும் வந்து அதே விடை பெற்றுச் சென்றார்.

மறுநாள் காலை தெருவில் சாவுப்பறை ஒலித்தது. ஐடா பணியாளரை அனுப்பி விசாரித்தபொழுது, மூன்று பெண்களும் இறந்துவிட்ட செய்தி கிடைத்தது. பிணி தீர்க்க வல்ல மருத்துவர் ஒருவர் சில தெருக்களுக்கு அப்பால் இருந்தும் மூன்று உயிர்கள் போயின. தாம் மருத்துவம் கற்று மீண்டும் வருவதாக ஐடா அன்றே பெற்றோரிடம் தெரிவித்தார். இந்நிகழ்வை ஐடாவே பிற்காலத்தில் பலமுறை கூறியுள்ளார். டாரதி கிளார்க் வில்சன் 1959-இல் எழுதிய வாழ்க்கை வரலாற்று நூலிலும் இது விரிவாக இடம்பெற்றுள்ளது.

பேறுகாலத்தில் குருதியில் நிகழும் மாற்றங்கள்

மகப்பேற்றில் சில மணி நேரத் தாமதம் உயிரைப் பறிப்பது ஏன் என்பதை அறிய, கருவுற்ற பெண்ணின் குருதியில் ஏற்படும் மாற்றங்களை அறிதல் வேண்டும். இவற்றுள் பலவும் ஐடாவின் இளமைக்காலத்திற்குப் பிறகே அளந்து அறியப்பட்டவை.

கருவுறாத பெண்ணின் உடலில் பொதுவாக 4 முதல் 5 லிட்டர் குருதி உள்ளது. கருவுற்ற சில வாரங்களிலேயே குருதியின் நீர்மப் பகுதி பெருகத் தொடங்குகிறது. எட்டாம் மாத அளவில் அது 40 முதல் 50 விழுக்காடு வரை கூடிவிடுகிறது. சிவப்பணுக்களும் பெருகுகின்றன, ஆனால் அவற்றின் பெருக்கம் 20 முதல் 30 விழுக்காடு அளவே. நீர்மம் மிகுதியாகவும் அணுக்கள் குறைவாகவும் கூடுவதால் குருதி நீர்த்துப்போகிறது. இதனால் ஈமோகுளோபின் அளவு இயல்பாகவே சற்றுக் குறைந்து காணப்படும். இது நோயன்று. நீர்த்த குருதி நஞ்சின் நுண்குழாய்களில் எளிதாகப் பாய்ந்து கருவுக்கு உணவும் உயிர்வளியும் கொண்டு செல்கிறது. உலக சுகாதார அமைப்பு கருவுற்ற பெண்ணுக்கு ஒரு டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் கீழ் ஈமோகுளோபின் இருந்தால் குருதிச்சோகை எனவும், 7 கிராமுக்குக் கீழ் இருந்தால் கடும் குருதிச்சோகை எனவும் வரையறுத்துள்ளது.

குருதி உறையும் தன்மையும் மாறுகிறது. உறைதலுக்குத் தேவையான ஃபைப்ரினோஜன் என்னும் புரதம் பெருமளவு உயர்கிறது. வெள்ளணுக்கள் கூடுகின்றன, குருதிச் சிறுதட்டுகள் சற்றே குறைகின்றன. குழந்தை பிறந்து நஞ்சு பிரியும் நேரத்தில் ஏற்படும் குருதியிழப்பைத் தாங்குவதற்கு உடல் செய்துகொள்ளும் முன்னேற்பாடு இது. இதே மாற்றத்தால் கால் நாளங்களில் குருதி உறையும் இடரும் கூடுகிறது.

பேற்றுக்காலம் நெருங்கும்பொழுது கருப்பைக்கு நிமிடத்திற்கு அரை லிட்டருக்கும் மேற்பட்ட குருதி பாய்கிறது. நஞ்சு பிரிந்தவுடன் கருப்பைத் தசைகள் இறுகிச் சுருங்கி, திறந்து கிடக்கும் குருதிக் குழாய்களை நெரித்து மூடுகின்றன. நெடுநேர வலியால் கருப்பை சோர்ந்துவிட்டாலோ, நஞ்சின் ஒரு பகுதி உள்ளே தங்கிவிட்டாலோ இச்சுருக்கம் நிகழ்வதில்லை. அந்நிலையில் ஒரு சில மணி நேரத்திலேயே, சில வேளைகளில் அதற்கும் முன்னரே, தாய் உயிரிழக்க நேரிடும். பேற்றுக்குப் பின் அரை லிட்டருக்கு மேல் குருதி வெளியேறுவதை மருத்துவர்கள் மிகைக் குருதிப்போக்கு எனக் கணிக்கின்றனர். நலமான பெண் இதனைத் தாங்கக்கூடும். குருதிச்சோகை உள்ள பெண்ணுக்குச் சிறு இழப்பும் ஆபத்தாகும்.

ஒரு கருவுறுகைக்கு ஏறத்தாழ ஒரு கிராம் இரும்புச்சத்து தேவை. இதில் பாதியளவு தாயின் சிவப்பணுப் பெருக்கத்திற்கும், எஞ்சியதில் பெரும்பகுதி கருவுக்கும் நஞ்சுக்கும் செலவாகிறது. குறைந்த உணவு, கொக்கிப்புழு, மலேரியா, அடுத்தடுத்த பேறுகள் ஆகியவை சேர்ந்த ஊர்ப்புறப் பெண்களிடம் இந்தச் சேமிப்பு இருப்பதில்லை. குருதிப்போக்கு தவிர, குழந்தை வெளிவர இயலாது தடைப்படுதல், பேறுகால வலிப்பு, பேற்றுக்குப் பின் வரும் காய்ச்சல் ஆகியவையும் அக்காலத்துத் தாய்மார்களின் இறப்புக்குக் காரணங்களாயின. இவை அனைத்திலும் பயிற்சி பெற்றவரின் கை உரிய நேரத்தில் எட்டுவதே முதல் தேவை.

மருத்துவக் கல்வி

ஐடா அமெரிக்கா திரும்பி 1895-இல் பிலடெல்பியாவிலுள்ள பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். மேல்நாட்டு மருத்துவப் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்களுள் ஒருவரான ஆனந்திபாய் ஜோஷி 1886-இல் பட்டம் பெற்றதும் இதே கல்லூரியில்தான். ஆனந்திபாய் மறு ஆண்டே, இருபத்திரண்டாம் அகவையை நிறைவு செய்யும் முன்னரே காசநோயால் மறைந்தார்.

நியூயார்க்கில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் புதிய மருத்துவக் கல்லூரி பெண்களுக்கும் இடமளித்ததை அடுத்து, ஐடா அங்கு மாறினார். 1899-இல் அங்கிருந்து பட்டம் பெற்றார். அக்கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் பெண்கள் குழுவில் இவரும் ஒருவர்.

இந்தியா புறப்படும் முன் வேலூரில் பெண்கள் மருத்துவமனை கட்ட நிதி திரட்டினார். நியூயார்க்கின் வங்கியாளரான ஷெல் என்பவர், மறைந்த தம் மனைவியின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் வழங்கினார். இத்தொகையுடன், தோழி ஆனி ஹான்காக்கும் உடன்வர, 1900-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐடா இந்தியா வந்து சேர்ந்தார்.

வேலூரில் மருத்துவப் பணி

தந்தையிடம் சில காலம் பயிற்சி பெறலாம் என்று எண்ணி வந்த ஐடாவுக்கு அது வாய்க்கவில்லை. அவர் வந்த சில மாதங்களிலேயே, 1900-இல், தந்தை மறைந்தார். அனுபவமற்ற இளம் மருத்துவரான இவர் தனியாகவே பணியைத் தொடங்க வேண்டியிருந்தது. வேலூரில் தம் வீட்டின் சிறு அறை ஒன்றையே மருந்தகமாக்கினார்.

தொடக்கத்தில் பெண்கள் வரத் தயங்கினர். வந்தவர்களும் எல்லா மருத்துவமும் கைவிட்ட பின்னரே வந்தனர். பேற்றுக்கு அழைப்பவர்கள், வலி தொடங்கி இரண்டு மூன்று நாட்கள் கழிந்த பின்னரே ஆள் அனுப்புவது வழக்கமாக இருந்தது. பெண் மருத்துவர் என்பதால் எல்லாச் சமயத்தாரின் வீடுகளிலும் உட்கட்டு வரை செல்ல இவருக்கு அனுமதி கிடைத்தது. இரண்டு ஆண்டுகளில் இவரிடம் மருத்துவம் பெற்றோர் எண்ணிக்கை ஐயாயிரத்தைத் தொட்டது.

1902-இல் நாற்பது படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. பல ஆண்டுகள் இம்மருத்துவமனையின் ஒரே அறுவை மருத்துவராக ஐடாவே இருந்தார். காலரா, பிளேக் ஆகிய கொள்ளைநோய்கள் பரவிய காலங்களிலும் பணி தடையின்றி நடைபெற்றது.

சாலையோர மருந்தகங்கள்

மருத்துவமனைக்கு வர இயலாதவர்களைத் தேடிச் செல்லும் திட்டமொன்றை ஐடா ஏற்படுத்தினார். வேலூரைச் சுற்றிய சாலைகளில் குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட மரத்தடியில் மருந்துப் பெட்டியுடன் நிற்பதே அத்திட்டம். முதலில் மாட்டு வண்டியிலும், பின்னர் மோட்டார் வண்டியிலும் சென்றனர். மோட்டார் வண்டியை முதன்முதலாகக் கண்ட ஊரார் சிலர் அஞ்சி ஓடினர். நாளடைவில் வண்டி வரும் நாளை எண்ணிக் காத்திருக்கத் தொடங்கினர். புண்ணுக்குக் கட்டுப் போடுதல், கண் நோய்க்கு மருந்திடுதல், பல் பிடுங்குதல், கருவுற்ற பெண்களைச் சோதித்தல் ஆகியவை மரத்தடியிலேயே நடந்தன. நகர மருத்துவமனை சிற்றூர்களுக்குக் குழுவை அனுப்பும் முறைக்கு இது தென்னிந்தியாவில் ஒரு முன்னோடி முயற்சியாகும்.

செவிலியர் பள்ளி

ஒரு மருத்துவர் எத்தனை வீடுகளுக்குச் செல்ல இயலும் என்ற கேள்வி ஐடாவைத் தொடர்ந்து வருத்தியது. ஓரிடத்தில் பேறு பார்த்துக்கொண்டிருக்கையில் வேறிடத்திலிருந்து ஆள் வந்து நிற்பது அடிக்கடி நிகழ்ந்தது. எனவே உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி அளிப்பதே வழி என்று முடிவு செய்தார். 1903-இல் மருந்து கலப்போருக்கான பயிற்சி தொடங்கியது. 1909-இல் செவிலியர் பள்ளி ஏற்பட்டது. டீலியா ஹூட்டன் என்னும் அமெரிக்கச் செவிலியர் அப்பள்ளியை வளர்ப்பதில் ஐடாவுக்குத் துணை நின்றார்.

செவிலியர் பணியை இழிவாக எண்ணிய காலம் அது. கைம்பெண்களும் கிறித்தவக் குடும்பப் பெண்களுமே முதலில் முன்வந்தனர். இப்பள்ளி 1946-இல் பட்டப் படிப்பை வழங்கும் கல்லூரியாக உயர்ந்தது. இந்தியாவில் செவிலியர் பட்டப் படிப்பைத் தொடங்கிய முதல் நிறுவனங்களுள் வேலூரும் ஒன்றாகும்.

பெண்கள் மருத்துவப் பள்ளி

செவிலியர் மட்டும் போதாது, பெண் மருத்துவர்களையும் இந்நாட்டிலேயே உருவாக்க வேண்டும் என்பது ஐடாவின் அடுத்த முயற்சி. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற முத்துலட்சுமி ரெட்டி 1912-இல் பட்டம் பெற்றிருந்தார். எனினும் அத்தகையோர் மிகச் சிலரே. பெண்களுக்கெனத் தனி மருத்துவப் பள்ளி வேண்டும் என்ற ஐடாவின் கோரிக்கையை மாகாண மருத்துவத் துறையின் உயர் அலுவலர் ஐயத்துடனேயே ஏற்றார். ஆறு பேர் விண்ணப்பிப்பதே அரிது என்பது அவருடைய கணிப்பு. வந்த விண்ணப்பங்களோ 151. இடவசதி இல்லாமையால் பலரை ஏற்க இயலவில்லை.

1918 ஆகஸ்டில் பள்ளி தொடங்கியது. உரிமம் பெற்ற மருத்துவர் என்னும் பட்டயப் படிப்பு இங்குக் கற்பிக்கப்பட்டது. கட்டடமோ போதிய கருவிகளோ இல்லை. உடற்கூற்றியல் பாடத்தை ஐடாவே நடத்தினார். முதல் தொகுதியில் 14 பெண்கள் 1922-இல் பட்டயம் பெற்று வெளியேறினர். இவர்களும் பின்வந்தவர்களும் மாகாணத்தின் பல ஊர்களில் மகப்பேற்று மருத்துவர்களாகப் பணி செய்தனர். மூன்று வீடுகளிலிருந்து ஆள் வந்தால் மூன்று பெண் மருத்துவர்கள் செல்லக்கூடிய நிலை வேலூரில் உருவாகியது.

1920-களின் தொடக்கத்தில் லூசி பீபாடி என்பவரின் முயற்சியால் அமெரிக்காவில் பெரும் நிதி திரட்டல் நடைபெற்றது. ஆசியாவிலுள்ள ஏழு பெண்கள் கல்லூரிகளுக்காக இருபது இலட்சம் டாலர் திரட்டினால், மேலும் பத்து இலட்சம் தருவதாக லாரா ஸ்பெல்மன் ராக்ஃபெல்லர் நினைவு நிதியம் அறிவித்தது. பெண்கள் சங்கங்கள் சிறுகச் சிறுகச் சேர்த்து இலக்கை எட்டின. வேலூர்ப் பள்ளியும் இதில் பங்கு பெற்றது. நகரின் நடுவே புதிய மருத்துவமனை எழுந்தது. பாகாயத்தில் ஏறத்தாழ 200 ஏக்கர் பரப்பில் கல்லூரி வளாகத்திற்கான பணி 1928-இல் தொடங்கியது.

கல்லூரிக்கு வந்த நெருக்கடி

1938-இல் சென்னை மாகாண அரசு பட்டயப் படிப்பை நிறுத்த முடிவெடுத்தது. இனிப் பல்கலைக்கழகப் பட்டப் படிப்பு மட்டுமே நடைபெற வேண்டும் என்றும் அறிவித்தது. மருத்துவத் தரத்தை உயர்த்துவதே அரசின் நோக்கம். ஆனால் பட்டப் படிப்புக்குத் தேவையான ஆய்வகங்களும் படுக்கைகளும் பேராசிரியர்களும் வேலூரில் இல்லை. பள்ளியை மூடிவிடும் நிலை ஏற்பட்டது. அப்பொழுது ஐடாவுக்கு அகவை 67.

இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1940-களின் தொடக்கத்தில், எழுபது வயதைக் கடந்த ஐடா அமெரிக்காவில் நகரம் நகரமாகச் சென்று நிதி திரட்டினார். ஆண்களையும் சேர்த்துக்கொண்டு இருபாலர் கல்லூரியாக மாற்றினால் மேலும் பல திருச்சபைகளின் உதவி கிடைக்கும் என்ற யோசனை எழுந்தது. பெண்களுக்கென நன்கொடை அளித்த பலர் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். அவர்களுள் லூசி பீபாடி போன்ற நெடுநாள் துணைவரும் இருந்தனர். பெண்களுக்காகத் தொடங்கிய நிறுவனம் பிழைத்திருக்க வேண்டுமானால் கதவைத் திறக்க வேண்டும் என்ற முடிவுக்கு ஐடா வந்தார். தோல்நோய், தொழுநோய் மருத்துவத்தில் புகழ்பெற்ற இராபர்ட் காக்ரேன் கல்லூரியைச் சீரமைக்கும் பொறுப்பில் பெரும்பங்கு ஆற்றினார்.

1942-இல் பட்டப் படிப்பு தொடங்கியது. 1947-இல் ஆண் மாணவர்கள் சேர்க்கப்பட்டனர். 1950-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நிலையான இணைப்பு கிடைத்தது.

ஓய்வும் மறைவும்

ஐடா 1946-இல் பொறுப்புகளிலிருந்து ஓய்வு பெற்றார். பின்னர் மகப்பேற்று மருத்துவரான ஹில்டா லாசரசு கல்லூரியின் தலைமைப் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியரானார். ஐடா கொடைக்கானலில் தம் இல்லத்தில் எஞ்சிய நாட்களைக் கழித்தார். கல்லூரி விழாக்களுக்கு வேலூர் வந்து சென்றார். இவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. 1960 மே மாதத்தில் தமது 89-ஆம் அகவையில் கொடைக்கானலில் காலமானார்.

வேலூரும் குருதிச்சோகை ஆய்வும்

ஐடாவின் காலத்திலேயே பேறுகாலக் குருதிச்சோகை பற்றிய அறிவு இந்தியாவில் பெரும் முன்னேற்றம் கண்டது. லூசி வில்சு என்னும் ஆங்கிலேய மருத்துவர் 1928 முதல் மும்பையிலும், பின்னர் குன்னூரிலும், 1931-இல் சென்னை கோஷா மருத்துவமனையிலும் இதனை ஆராய்ந்தார். கருவுற்ற ஏழைப் பெண்களிடம் காணப்பட்ட, சிவப்பணுக்கள் பருத்துப்போகும் ஒருவகைச் சோகை, ஈரற்சாற்றாலும் நொதிச்சாற்றாலும் குணமாவதை அவர் கண்டறிந்தார். அச்சாற்றிலிருந்த காப்புப் பொருளுக்குப் பின்னர் ஃபோலிக் அமிலம் என்னும் பெயர் அமைந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையிலான குழு 1945-இல் அமெரிக்காவில் இதனைச் செயற்கையாக உருவாக்கியது.

வேலூர்க் கல்லூரியும் பின்னர் இத்துறையில் ஈடுபட்டது. கருவுற்ற பெண்களுக்கு இரும்புச்சத்து கொடுப்பதன் விளைவை அளக்க உலக சுகாதார அமைப்பின் ஆதரவில் தில்லியிலும் வேலூரிலும் ஒரே முறையில் ஆய்வு நடைபெற்று, 1975-இல் முடிவுகள் வெளியாயின. வேலூரின் செல்வின் பேக்கர், வி. ஐ. மாத்தன் முதலியோர் இதில் பங்கேற்றனர். இந்திய அரசு 1970-இல் தொடங்கிய குருதிச்சோகைத் தடுப்புத் திட்டத்தின் வழியாக, இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரைகள் கருவுற்ற பெண்களுக்கு இலவசமாக வழங்கப்படலாயின. 2018-இல் அறிவிக்கப்பட்ட குருதிச்சோகை ஒழிப்புத் திட்டம், கருவுற்ற காலத்தில் 180 நாட்களுக்கு இம்மாத்திரையை உட்கொள்ள வேண்டும் எனப் பரிந்துரைத்தது.

மதிப்பீடு

திண்டிவன நிகழ்வு மிசன் நூல்களில் பலமுறை எடுத்துரைக்கப்பட்டது. நிதி திரட்டும் கூட்டங்களில் அது உருக்கமான கதையாகவும் பயன்பட்டது. இந்தியக் குடும்பங்களின் வழக்கத்தை மட்டுமே குறை கூறுவதாக அக்கதை அமைந்துவிடுவது அதன் ஒரு குறை. மனைவிக்காக நள்ளிரவில் உதவி தேடி வேற்று நாட்டவர் வாயில் வரை வந்தவர்கள் அந்தக் கணவர்களே. அவர்கள் மருத்துவத்தை மறுக்கவில்லை. தங்களால் ஏற்கத்தக்க மருத்துவர் ஊரில் இல்லை என்பதே அன்றைய நிலை. வழக்கம் மாறும் வரை காத்திராமல், அவ்வழக்கத்திற்குள்ளேயே நுழையக்கூடிய மருத்துவர்களை உருவாக்கியதே ஐடாவின் பணியின் சிறப்பு. பிற்காலத்தில் ஆண் மருத்துவர்களைப் பற்றிய தயக்கம் குறைந்தபொழுது, கல்லூரியையும் அதற்கேற்ப மாற்ற அவர் தயங்கவில்லை.

திண்டிவனம் வட்டம் 1993-இல் தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்த விழுப்புரம் மாவட்டத்தின் பகுதியாயிற்று. திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடையே முண்டியம்பாக்கத்தில் 2010-இல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கியது. மூன்று பெண்களுக்கு ஒரு பெண் மருத்துவர் கிடைக்காத பகுதியில் பெண்களும் மருத்துவம் பயிலும் கல்லூரி அமைந்தது குறிப்பிடத்தக்கது.

சிறப்புகள்

பிரித்தானிய இந்திய அரசு ஐடாவுக்குக் கெய்சர்-இ-இந்த் பதக்கம் வழங்கியது.

வேலூரில் ஐடா ஸ்கடர் பள்ளி இவர் பெயரால் இயங்குகிறது.

கல்லூரியின் நூற்றாண்டையொட்டி, 2000 ஆகஸ்ட் 12 அன்று இந்திய அஞ்சல் துறை சிறப்பு முதல் நாள் உறை வெளியிட்டது.

இவருடைய அண்ணன் மகளான ஐடா பெல் ஸ்கடரும் மருத்துவராகி, வேலூர் மருத்துவமனையின் கதிரியல் துறையை வளர்த்தார்.